ஆர்டர் ஒன்று, அகராதி மூன்று

கேள்வி:

திருவாலங்காட்டில் சின்ன டர்னிங் பட்டறை நடத்துகிறேன். பழைய லேத் மூன்று, சி.என்.சி. ஒன்று. இத்தனை நாளும் காக்களூர், கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்துதான் வண்டி ஓடுகிறது. இப்போது முதல் முறையாக ஜெர்மனியிலிருந்து நேரடி ஆர்டர் வந்திருக்கிறது. 25 மி.மீ. விட்டம், 120 மி.மீ. நீளத்தில் 5,000 ஷாஃப்ட். டிராயிங்கில் ‘25 ஜி6’, ‘சி45’, ‘ஈ.என். 10204 – 3.1’, ஜிங்க் பிளேட்டிங் என்று போட்டிருக்கிறார்கள். ஆர்டரில் ‘எஃப்.ஓ.பி. சென்னை’, ‘எல்.சி. 60 நாள்’. ஃபார்வர்டர் ‘எல்.சி.எல்.’ என்கிறார், ‘டபிள்யூ பை எம்’ என்கிறார், ‘ஃப்ரீ டேஸ்’ என்கிறார். பேங்க் மேனேஜர் ‘மார்ஜின்’, ‘டிராயிங் பவர்’ என்கிறார். ஆளுக்கொரு பாஷை. கையெழுத்துப் போடும் முன் எதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்? எங்கள் ஆட்களுக்காகத் தமிழில் ஒரு பட்டியல் எழுதி ஒட்டலாமா? இன்னொன்று: உள்ளூர்க் கம்பெனி ஒன்று ஆர்டரிலேயே ‘நெட் 90’ என்று அச்சடித்துப் பணத்தை இழுக்கிறது. அதற்கு வழி உண்டா?

– வாசகர், திருவாலங்காடு

பதில்:

கையெழுத்துக்கு முன்பே கேட்டதற்கு முதலில் என் பாராட்டு. பணம் மாட்டிக்கொண்ட பிறகு கேட்பவர்கள்தான் அதிகம்.

நீங்கள் எழுதியிருக்கும் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு விதிப்புத்தகம் இருக்கிறது. எஃப்.ஓ.பி. போன்ற சரக்குச் சொற்களுக்குப் பாரிஸில் உள்ள சர்வதேச வர்த்தகச் சபை வெளியிடும் ‘இன்கோடெர்ம்ஸ்’. 1936-ல் முதல் பதிப்பு வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2020 பதிப்பு, மொத்தம் 11 சொற்கள். எல்.சி. எனும் லெட்டர் ஆஃப் கிரெடிட்டுக்கு, அதாவது சரியான பத்திரம் கொடுத்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக்கு, அதே சபையின் ‘யு.சி.பி. 600’, 2007 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது, 39 பிரிவுகள். டிராயிங்கில் உள்ள ஜி6-க்கு ஐ.எஸ்.ஓ. 286. உங்கள் ஆர்டர் இந்த மூன்றிலும் கால் வைத்திருக்கிறது. ஆனால் ஒன்றில் உள்ள சலுகை மற்றொன்றில் செல்லாது. டிராயிங்கில் கூட்டல் கழித்தல் இருக்கிறதே என்று எண்ணிக்கையிலும் கூட்டிக் குறைத்து அனுப்பினால் வங்கி பத்திரத்தைத் திருப்பிவிடும். ஆகவே சொல்லின் பொருளை மட்டும் கேட்டால் போதாது. எந்தப் புத்தகப்படி, எந்த ஆண்டுப் பதிப்புப்படி என்று கேளுங்கள். அதை ஆர்டரிலேயே அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எழுதி வாங்குங்கள். நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

வரிசை என்ன என்று கேட்டீர்கள். பிறகு மாற்ற முடியாததை முதலில் பாருங்கள். எஃப்.ஓ.பி.யும் எல்.சி. வாசகமும் கையெழுத்துக்கு முன். டிராயிங் சந்தேகங்கள் இரும்பு வாங்கும் முன். கப்பல் வாடகைக் கணக்கு கடைசியில் பார்த்தாலும் குடி முழுகாது.

எஃப்.ஓ.பி.யிலிருந்து தொடங்கலாம். 2020 பதிப்புப்படி, சரக்கு கப்பலின் மேல் ஏற்றப்படும் வரை அதற்கு நேரும் சேதமும் இழப்பும் விற்பவர் தலையில். மொத்தமாகக் கப்பலில் கொட்டும் நிலக்கரிக்கோ தாதுவுக்கோ இது சரி. உங்கள் சரக்கு இரண்டரை டன். தனிக் கன்டெய்னர் நிரம்பாது. அதனால்தான் ஃபார்வர்டர் எல்.சி.எல். என்கிறார்: பல பேருடைய சரக்கை ஒரே கன்டெய்னரில் சேர்த்து அனுப்புவது. நீங்கள் சரக்கைக் கன்டெய்னர் ஃபிரெய்ட் ஸ்டேஷனில், அதாவது எல்லோரும் சி.எஃப்.எஸ். என்று சொல்லும் கிடங்கில், ஒப்படைத்துவிட்டு வந்துவிடுவீர்கள். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஒரு பேலட்டைக் கவிழ்த்தால்? எஃப்.ஓ.பி. என்று கையெழுத்துப் போட்டிருந்தால் நஷ்டம் உங்களுடையது. சரக்கோ உங்கள் கையை விட்டுப் போய் நாலு நாள் ஆகியிருக்கும். கன்டெய்னரில் போகும் சரக்குக்கு எஃப்.சி.ஏ. போடுங்கள் என்று அந்தச் சபையே சொல்கிறது. ‘எஃப்.சி.ஏ., இன்ன சி.எஃப்.எஸ்., சென்னை, இன்கோடெர்ம்ஸ் 2020’ என்று எழுதினால் அந்தக் கிடங்கில், வாங்குபவர் ஏற்பாடு செய்த கேரியரிடம் ஒப்படைத்த அந்த நேரத்தோடு உங்கள் பொறுப்பு முடிகிறது. எஃப்.சி.ஏ. போட்டால் ‘கப்பலில் ஏற்றியாயிற்று’ என்று குறித்த பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது) கிடைக்காதே, எல்.சி.க்கு என்ன செய்வது என்ற பழைய சிக்கலுக்கும் 2020 பதிப்பில் வழி வைத்திருக்கிறார்கள். வாங்குபவர் தன் கேரியரிடம் சொல்லி அப்படி ஒரு பில்லை உங்களுக்குத் தர வைக்கலாம் என்று இருவரும் ஒப்புக்கொள்ளலாம். அந்த ஒரு வரியை ஆர்டரில் சேர்க்கச் சொல்லுங்கள். ஜெர்மன்காரர்களுக்கு இதெல்லாம் தெரிந்த சங்கதி. கேட்டால் தட்ட மாட்டார்கள்.

நாளைக்கு அமெரிக்க ஆர்டர் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே உள்நாட்டு வணிகச் சட்டத்தில் எஃப்.ஓ.பி.க்கு வேறு வழக்கம் உண்டு. கடலே இல்லாத ஊரின் பெயரைக்கூட அதன் பக்கத்தில் போடுவார்கள். ‘இன்கோடெர்ம்ஸ் 2020’ என்ற சொல் பக்கத்தில் இல்லாவிட்டால் எந்த எஃப்.ஓ.பி. என்ற சண்டைதான் மிஞ்சும்.

‘சென்னை’ என்ற ஊர்ப் பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. நம் பக்கத்தில் கன்டெய்னர் கப்பல் வரும் துறைமுகங்கள் மூன்று: சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி. கும்மிடிப்பூண்டிக்காரருக்குப் பின்னவை இரண்டும்தான் பக்கம். சுங்கத்துறை இந்த மூன்றுக்கும் தனித்தனிக் குறியீடு வைத்திருக்கிறது. எல்.சி.யில் ஏற்றும் துறைமுகம் ‘சென்னை’ என்று இருந்து, கப்பல் கம்பெனி காட்டுப்பள்ளியில் ஏற்றி, பில் ஆஃப் லேடிங்கில் காட்டுப்பள்ளி என்று வந்துவிட்டால் வங்கிக்கு அது முரண்பாடு. நமக்கு மூன்றும் சென்னைதான். ஃபிராங்க்ஃபர்ட்டில் பத்திரம் பார்க்கும் ஊழியருக்கு அப்படி இல்லை. ‘இந்தியாவின் எந்தத் துறைமுகமும்’ என்று எல்.சி.யில் போடச் சொல்லுங்கள். செலவில்லாத வார்த்தை அது.

எல்.சி.யில் இன்னும் சில இடங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள்.

எல்.சி.யில் வங்கி பார்ப்பது பத்திரங்களை மட்டும்தான், சரக்கை அல்ல. யு.சி.பி.யின் ஐந்தாம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. உங்கள் ஷாஃப்ட் பொன்னால் செய்ததாக இருந்தாலும் இன்வாய்ஸில் உள்ள சரக்கு விவரம் எல்.சி.யில் உள்ளதோடு பொருந்தாவிட்டால் பணம் நிற்கும். 5,000 என்று எண்ணிக்கையைக் குறிப்பிட்டுவிட்டு, பிரித்து அனுப்பக் கூடாது என்றும் எல்.சி.யில் தடை போட்டிருந்தால், கடைசிச் சோதனையில் இருபது கழிந்து 4,980 அனுப்பினாலும் குறைதான். 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்று 30-ஆம் பிரிவில் ஒரு சலுகை உண்டு. அது டன்னிலோ மீட்டரிலோ அளக்கும் சரக்குக்கு. துண்டு எண்ணிக்கையாகவோ பெட்டிக் கணக்காகவோ சொன்ன சரக்குக்கு அது கிடையாது. ஆகவே ‘எண்ணிக்கையிலும் தொகையிலும் 5 சதவீதம் கூடவோ குறையவோ’ என்ற வரியைக் கேட்டு வாங்குங்கள். அல்லது பிரித்து அனுப்ப அனுமதி கேளுங்கள். கழிவு இல்லாத பட்டறை உலகத்தில் இல்லை.

அடுத்து ஹவுஸ் பில். எல்.சி.எல். சரக்குக்குக் கப்பல் கம்பெனி உங்கள் பெயரில் பில் போடாது. சரக்கைத் திரட்டும் ஃபார்வர்டர்தான் தன் பில்லைத் தருவார். ‘ஹவுஸ் பில் ஏற்கப்படாது’ என்று ஒரு வரி சில எல்.சி.களில் அச்சடித்த மாதிரி வரும். அது உள்ளே இருந்தால் எல்.சி.எல்.லில் நீங்கள் எப்படிப் புரண்டாலும் சரியான பத்திரம் கொடுக்க முடியாது. அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள்.

‘60 நாள்’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எதிலிருந்து 60? பில் ஆஃப் லேடிங் தேதியிலிருந்து என்றால், மார்ச் 10-ல் கப்பல் ஏறிய சரக்குக்கு மே 9-ல் பணம். ‘சைட்’ என்றிருந்தால் பத்திரம் வங்கிக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். கூரியரும் சோதனையும் சேர்ந்து இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போகும். பத்து லட்ச ரூபாய்க்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்று வைத்தால் அந்த 20 நாளைக்கு சுமார் 5,500 ரூபாய். உங்கள் லாபத்திலிருந்து போகும் காசு அது.

கெடு விஷயத்தில் எண்கள் இரண்டு. எல்.சி. வேறு விதமாகச் சொல்லாவிட்டால், சரக்கு ஏறிய நாளிலிருந்து 21 நாளுக்குள், அதுவும் எல்.சி. காலாவதி ஆகும் முன், பத்திரங்களை வங்கியில் கொடுத்தாக வேண்டும். கொடுத்த பிறகு சரி பார்க்க வங்கிக்கு அதிகபட்சம் ஐந்து வங்கி வேலை நாள். காலாவதி ‘இந்தியாவில்’ என்று இருக்கட்டும். ‘ஜெர்மனியில்’ என்று இருந்தால் அந்தக் கடைசித் தேதிக்குள் பத்திரம் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கூரியர் தாமதமும் உங்கள் பொறுப்பாகிவிடும்.

வங்கி மேனேஜர் சொன்ன மார்ஜினுக்கு வருகிறேன். நமக்கு மார்ஜின் என்றால் லாபம். அவருக்கு மார்ஜின் என்றால் நீங்கள் கைக்காசாகப் போட வேண்டிய பங்கு. ‘25 சதவீதம் மார்ஜின் வேண்டும்’ என்று அவர் சொன்னதை, தன் லாபத்தைப் பங்கு கேட்கிறார் என்று எண்ணி மனம் கசந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கணக்கைப் பாருங்கள். பட்டறையில் 12 லட்சத்துக்கு இரும்பும் முடித்த சரக்கும் இருக்கிறது. அதில் 4 லட்சம் இரும்புக் கடைக்குப் பாக்கி. மீதி 8 லட்சத்தில் கால் பங்கு உங்கள் மார்ஜின். பாக்கி 6 லட்சம் வரைதான் அந்தச் சரக்கின் பேரில் எடுக்கலாம். டிராயிங் பவர் என்பது அதுதான். கேஷ் கிரெடிட் (சி.சி.) லிமிட் 15 லட்சம் என்று கடிதத்தில் இருந்தாலும் அந்த மாதம் எடுக்கக் கூடியது 6 லட்சம். கம்பெனிகளிடம் வர வேண்டிய பாக்கி இருந்தால் வங்கி அதையும் சேர்த்துக்கொள்ளும். ஆனால் வெகுநாள் பழைய பாக்கியைச் சேர்க்காது. மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை நேரத்தில் கொடுங்கள். அது இல்லாமல் இந்தக் கணக்கே ஓடாது. ஏற்றுமதி ஆர்டர் கையில் இருப்பதால் ‘பேக்கிங் கிரெடிட்’ தனியாகக் கேளுங்கள். சரக்கு செய்து அனுப்பும் வரைக்குமான கடன் அது, சாதாரண சி.சி.யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண், வங்கியின் ஏ.டி. கோட் பதிவு, ஜி.எஸ்.டி. கட்டாமல் அனுப்புவதற்கான எல்.யு.டி. ஆகிய மூன்றும் முன்கூட்டியே கையில் இருக்கட்டும். அவற்றை உங்கள் ஆடிட்டர் ஒரு வாரத்தில் முடித்துத் தருவார்.

இனி டிராயிங். உங்கள் சொந்த வீடு இது. ஆனாலும் இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

‘25 ஜி6’ என்றால் 24.980 முதல் 24.993 வரை. மொத்த இடம் 13 மைக்ரான். சின்ன எழுத்து ஜி ஷாஃப்டுக்கு. துளைக்குப் பெரிய எழுத்தில் போடுவார்கள். அது உட்காரப் போகும் துளை எச்7 என்றால் 25.000 முதல் 25.021 வரை. இரண்டுக்கும் நடுவே குறைந்தது 7, அதிகம் போனால் 41 மைக்ரான் இடைவெளி. எண்ணெய்ப் படலம் நின்று வழுக்கி நகர வேண்டிய பொருத்தம். நம் பழைய டர்னர்கள் ‘தவு’ கணக்கில் பேசுவார்கள். ஒரு தவு 25.4 மைக்ரான். இந்த ஷாஃப்டுக்குக் கொடுத்திருக்கும் மொத்த இடமே அரை தவு. ‘ஒரு தவுக்குள்ளே முடிச்சுட்டேன்’ என்று பெருமையாகச் சொல்லும் மேஸ்திரிக்கு இதை முதல் நாளே மேசையில் வைத்துக் காட்டிவிடுங்கள். 5,000 துண்டிலும் இதைப் பிடிக்க டர்னிங் மட்டும் போதாது. சென்டர்லெஸ் கிரைண்டிங் வேண்டியிருக்கும். அம்பத்தூரில் கொடுத்து வாங்குகிறவர்கள் உண்டு. அந்தச் செலவு உங்கள் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

அளக்கும்போது சூட்டைக் கவனியுங்கள். ஐ.எஸ்.ஓ. அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸில் பேசப்படுபவை. 25 மி.மீ. இரும்பு, 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 6 மைக்ரான் பருக்கும். மெஷினிலிருந்து வெந்நீர்ச் சூட்டோடு எடுத்த ஜாப்பை, நிழலில் இருந்த மைக்ரோமீட்டரில் அளந்தால் 24.984 காட்டும், சந்தோஷமாகக் கூடையில் போடுவோம். ஆறிய பிறகு அது 24.978. கீழ் வரம்பைத் தாண்டிப் போயிற்று, தூக்கி எறிய வேண்டியதுதான். ஜாப்பும் மைக்ரோமீட்டரும் ஒரே மேசையில், ஒரே சூட்டுக்கு வந்த பிறகு அளக்க வேண்டும் என்பதைச் சட்டமாகவே வையுங்கள். சித்திரை, வைகாசியில் திருவாலங்காட்டுத் தகரக் கூரைக்கு அடியில் வேலை செய்கிறவர்களுக்கு இது ஏட்டுப் பேச்சு இல்லை.

ஜிங்க் பிளேட்டிங் என்று ஒரே ஒரு சொல் போட்டிருக்கிறார்கள். பிளேட்டிங் 8 மைக்ரான் என்றால் விட்டத்தில் 16 கூடும், இரண்டு பக்கமும் ஏறுகிறதல்லவா. 13 மைக்ரான் இடத்துக்குள் 16 மைக்ரான் பூச்சு. 24.985-க்கு அழகாக முடித்து அனுப்பிய ஷாஃப்ட், பூச்சுக்குப் போய் 25.001 ஆகத் திரும்பி வரும். ஜி6 அளவு பூச்சுக்கு முன்பா பின்பா, பூச்சின் கனம் எவ்வளவு, அந்த விட்டத்தை மறைத்துவிட்டு மற்ற இடத்தில் மட்டும் பூசலாமா? இந்த மூன்று கேள்வியையும் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் ‘ஓகே’ சொன்னார்கள் என்பதை யாரும் பிறகு ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இரும்பு விஷயம் இதைவிட ஆபத்து. கடையில் சி45 கேட்டால் ‘ஈ.என்.8 எடுத்துக்கோங்க, ரெண்டும் ஒண்ணுதான்’ என்பார்கள். ஒன்றல்ல. ஈ.என்.8-ல் கார்பன் 0.36 முதல் 0.44 சதவீதம். சி45-ல் 0.42 முதல் 0.50. பொதுவாக இருப்பது 0.42-க்கும் 0.44-க்கும் நடுவே உள்ள அந்தச் சின்ன இடம் மட்டும். 0.38 கார்பன் உள்ள ராடு, நல்ல ஈ.என்.8, ஆனால் அது சி45 ஆகாது. ஹீட் ட்ரீட்மென்ட்டுக்குப் போனால் எதிர்பார்த்த கடினம் வராது. இதில் இன்னொரு குழப்பம்: ஈ.என்.8-ல் உள்ள ஈ.என். பழைய பிரிட்டிஷ் இரும்பு வரிசை எண், ‘ஈ.என். 10204’-ல் உள்ள ஈ.என். ஐரோப்பியத் தர விதி. எழுத்து ஒன்றே தவிர ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. 10204-ல் வரும் 3.1 என்பது சான்றிதழின் வகை. இரும்பு செய்த ஆலையிலேயே, உற்பத்திப் பிரிவுக்குக் கட்டுப்படாத சோதனைப் பிரிவு அதிகாரி, அந்தச் சரக்கையே சோதித்த முடிவுகளோடு கையெழுத்திட்டுத் தருவது. கடைக்காரர் தன் லெட்டர்ஹெட்டில் அடித்துத் தரும் தாள் அதற்கு ஈடாகாது. ஆலையின் சான்றிதழில் உள்ள ஹீட் நம்பரும் ராடின் முனையில் குத்திய ஹீட் நம்பரும் ஒன்றா என்று கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். உலையில் ஒரு தடவை உருக்கி ஊற்றுவது ஒரு ஹீட். கும்மிடிப்பூண்டியில் உருக்கு உலை பார்த்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ராடை அறுக்கும்போது நம்பர் குத்திய முனை முதலில் போய்விடும். அறுத்த துண்டுகளை ஹீட் வாரியாகத் தனித்தனிக் கூடையில் போட்டு, கூடையில் நம்பரைத் தொங்கவிடுங்கள்.

கப்பல் வாடகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘டபிள்யூ பை எம்’ என்றால் எடை டன்னில் எத்தனை, பருமன் கன மீட்டரில் எத்தனை, எது பெரிதோ அதற்கு வாடகை. உங்கள் ஷாஃப்ட் ஒன்று சுமார் 460 கிராம். 5,000 சேர்ந்தால் 2.3 டன், பெட்டி பேலட்டோடு இரண்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பருமன் ஒன்றரை கன மீட்டரைத் தாண்டுவது கடினம். ஆக உங்களுக்கு எடைதான் கணக்கு. பெட்டியைச் சின்னதாக்கி வாடகையைக் குறைக்கப் பார்க்க வேண்டாம். உறுதியாகக் கட்டுங்கள், துரு ஏறாமல் வி.சி.ஐ. தாளில் சுற்றுங்கள். எஃப்.சி.ஏ.யிலும் எஃப்.ஓ.பி.யிலும் கடல் வாடகை வாங்குபவருடையது. இங்கே சி.எஃப்.எஸ்., டெர்மினல் கட்டணங்களில் எது யாருடையது என்பதை மட்டும் முன்கூட்டியே பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஃப்ரீ டேஸ் பற்றிய கவலை உங்களுக்கு இப்போது பெரிதாக வேண்டாம். முழுக் கன்டெய்னர் எடுப்பவர் அதை அந்தக் கட்டணமில்லா நாட்களைத் தாண்டித் தன் வாசலில் நிறுத்தி வைத்தால் கப்பல் கம்பெனி வாங்குவது டிடென்ஷன். துறைமுகத்துக்குள்ளே கிடந்தால் டெமரேஜ். எல்.சி.எல்.லில் கிடங்கு வாடகை மட்டும். ஒரு எச்சரிக்கை: ரயில்வேயில் டெமரேஜ் என்றால் வேகனைக் கெடுவுக்கு மேல் பிடித்து வைத்ததற்கு, சரக்கை ரயில்வே இடத்தில் கிடத்தியதற்கு வார்ஃபேஜ். லாரிக்காரர் கேட்பது ஹால்டிங். ஆர்டரில் வெறுமனே ‘டெமரேஜ் விற்பவருடையது’ என்று இருந்தால் எந்த இடத்து டெமரேஜ் என்று கேட்டுவிடுங்கள்.

உள்ளூர்க் கம்பெனியின் ‘நெட் 90’ பற்றி. நீங்கள் உத்யம் பதிவு செய்த குறு அல்லது சிறு உற்பத்தி நிறுவனமாக இருந்தால், 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. மேம்பாட்டுச் சட்டம் 15-ஆம் பிரிவுப்படி, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் கெடு வைக்க முடியாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். ஆர்டரில் 90 என்று அச்சடித்துவிட்டதாலேயே அது செல்லுபடியாகிவிடாது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. வாங்கும் கம்பெனியும் அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையைக் கொடுக்கும் ஆண்டில்தான் வருமான வரியில் செலவாகக் காட்டலாம் என்று 2023 நிதிச் சட்டம் ஒரு விதி சேர்த்திருக்கிறது. அதனால் அவர்கள் கணக்குப் பிரிவே இப்போது இதைக் கவனிக்கிறது. இன்வாய்ஸில் உங்கள் உத்யம் எண்ணைப் பெரிதாக அச்சடியுங்கள். இன்றைக்கு வேலை கொடுப்பவர்மேல் புகார் போடத் தயக்கமாக இருப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் எண்ணை அச்சடிப்பதற்கு யாரையும் பகைக்க வேண்டியதில்லை. ஜெர்மன் ஆர்டருக்கு இந்தச் சட்டம் உதவாது, அங்கே எல்.சி.தான் காப்பு.

கடைசியாக, தமிழ்ப் பட்டியல். கட்டாயம் ஒட்டுங்கள். உங்கள் ஊர்க் கோயிலுக்குப் பழையனூரை எழுதிக் கொடுத்த ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டை நினைத்துப் பாருங்கள். 31 ஏடுகள். அரச குலப் புகழ் வடமொழியில். நிலம் எது, எல்லை எது என்ற விவரமெல்லாம் தமிழில். வேலை செய்ய வேண்டியவனுக்குப் புரிகிற பேச்சில் விவரம் இருக்க வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. ஆர்டரிலும் எல்.சி.யிலும் ஆங்கிலச் சொல்லைத் தொடாதீர்கள். சுவரில் ஒட்டும் பட்டியலில், பட்டறையில் புழங்கும் சொல்லையே தமிழ் எழுத்தில் போடுங்கள். டாலரன்ஸ், பர், கோ கேஜ், நோ-கோ கேஜ் எல்லாம் அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் பொருள் விளக்கம் எழுதுவதைவிட, செய்ய வேண்டியதைத் தமிழில் எழுதுங்கள். ‘ஜி6: 24.980-க்குக் குறையாதே, 24.993-ஐத் தாண்டாதே, ஆறிய பிறகு அள’ என்று இருந்தால் போதும். போல்ட் கடையில் நாலு நூல், ஐந்து நூல் என்று கேட்டுப் பழகிய கைகளுக்கு மி.மீ. கணக்கையும் அதில் சேர்த்துவிடுங்கள்: ஒரு நூல் 3.175 மி.மீ. அரசின் ‘சொற்குவை’ தளத்தில் தொழில்நுட்பத் தமிழ்ச் சொற்கள் நிறையத் தொகுத்திருக்கிறார்கள். ஐ.டி.ஐ. முடித்து வரும் பிள்ளைகளுக்குப் பயன்படும், எடுத்துக் கொடுங்கள்.

இப்போது உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எல்.சி.யைத் திறக்கும் முன் அதன் வரைவை அனுப்பச் சொல்லி இன்றைக்கே ஜெர்மனிக்கு மின்னஞ்சல் போடுங்கள். வரைவு வந்ததும் உங்கள் வங்கியின் ஏற்றுமதிப் பிரிவு ஊழியரையும் ஃபார்வர்டரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து வரி வரியாகப் படியுங்கள். துறைமுகம், ஹவுஸ் பில், 5 சதவீதம், 60 நாள் எதிலிருந்து, காலாவதி எந்த நாட்டில் என்ற ஐந்தையும் அங்கேயே முடித்துவிடுங்கள். திறந்த பிறகு ஒரு வரியை மாற்ற வேண்டுமானாலும் திறந்த வங்கியும் நீங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு திருத்தத்துக்கும் கட்டணம் உண்டு. வரைவில் திருத்துவதற்குக் கட்டணம் கிடையாது.